கரையைப் பார்த்து நின்றால் கிளம்பாத வண்டி

திருத்துறைப்பூண்டி பக்கம் 20 வருடத்துக்கு மேலாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது என்று மாதத்துக்கு நாலைந்து வண்டியாவது வரும். பேட்டரி, இல்லையென்றால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், அதுவும் இல்லையென்றால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் என்று பெரும்பாலும் அரை நாளில் முடிந்துவிடும். போன தை மாதம் வந்த ஒரு பிக்கப் மட்டும் ஆறு நாள் எடுத்துக்கொண்டது. அதில் பாதி நாள் வீணானது நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதே தொந்தரவில் இருக்கும் யாருக்காவது ஒரு இன்ஜின் வேலைச் செலவு மிஞ்சினால் எனக்கு அது போதும்.

வண்டி 2005 மாடல். நாலு சிலிண்டர், இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின், சிலிண்டர்களுக்கு டீசலைப் பீய்ச்ச ஒரு ரோட்டரி பம்ப், சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. ஓட்டுபவரே சொந்தக்காரர், கோட்டூர் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது சின்னவர். 2017ல் வேதாரண்யத்தில் ஒரு பார்ட்டியிடம் வாங்கியிருக்கிறார். அறுவடை நாளில் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை, மற்ற நாளில் வைக்கோல், உரம், கல்யாணப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். குடும்பமே அந்த வண்டியில்தான் ஓடுகிறது.

அவர் சொன்ன கதை இது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் கிளம்ப முரண்டு பிடிக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. விட்டு விட்டு நாலைந்து தடவை அடித்தால், எல்லாம் சேர்த்து 40, 50 விநாடிக்குப் பிறகு ஒரு சிலிண்டர் தட்டி, அப்புறம் இரண்டு தட்டி, நடுங்கிக்கொண்டே எழும்பும். எழும்பிவிட்டால் பிறகு ஒரு குறையும் இல்லை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் நின்றாலும் திரும்ப அரைச் சுற்றில் எடுத்துவிடும். மூன்று நாலு மணி நேரம் வீட்டில் நின்றால் மறுபடி அதே கதை.

என்னிடம் வருவதற்கு முன்பே நிறைய செலவு செய்திருந்தார். புது பேட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் எல்லாம் மாற்றியாயிற்று. நாலு ஹீட்டர் பிளக்கும் புதுசு. டீசல் ஃபில்டர் இரண்டு தடவை. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் பரவாயில்லை போல இருக்குமாம், அப்புறம் பழையபடி ஆகிவிடுமாம். கடைசியாக ஒரு இடத்தில், ‘கம்ப்ரஷன் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும், 70 ஆயிரம் ஆகும்’ என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை நேரம். இன்ஜின் இறங்கினால் பதினைந்து நாள் வண்டி கிடையாது. வீட்டில் நகையை அடகு வைக்கப் பேசிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றுதான் என்னிடம் கொண்டு வந்தார்.

“அண்ணே, இறக்கித்தான் ஆகணும்னா சொல்லிடுங்க. சும்மா இன்னொரு சாமான் மாத்த வேணாம்” என்றார். நியாயமான பேச்சு.

அவர் பயந்தது கம்ப்ரஷனுக்கு, அதாவது சிலிண்டர் காற்றை நசுக்கும் அழுத்தத்துக்குத்தான் என்பதால் முதலில் அதையே பார்த்தேன். ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கேஜ் மாட்டி நாலு சிலிண்டரையும் அளந்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 27, 28, 28, 29 கிலோ. இந்த மாதிரி இன்ஜினுக்கு இது நல்ல அளவு. அதைவிட முக்கியம், நாலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயில் மூடியைத் திறந்துவிட்டு இன்ஜினை ஓட்டினாலும் அந்த வாய் வழியாகப் புகை ஊதவில்லை. “இன்ஜினைத் தொட வேண்டாம் தம்பி” என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அடுத்தது கரண்ட். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4. அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகாவிட்டால் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஹீட்டர் பிளக் நாலும் சமமாகக் கரண்ட் இழுத்தன, ரிலேயும் சரி. எர்த் பக்கம் மட்டும் கொஞ்சம் குறை இருந்தது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்தால் 0.7 வோல்ட் காட்டியது. 0.2க்குள் இருக்க வேண்டும். எர்த் வயர் சேசிஸில் மாட்டும் இடத்தில் துரு. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதும் 0.1க்கு வந்துவிட்டது, செல்ஃப் சத்தமே மாறியது. முன்னால் செய்த வேலைகள் ஏன் இரண்டு நாள் குணம் காட்டின என்பது இங்கேதான் எனக்குப் பிடிபட்டது. பேட்டரி புதுசானால் செல்ஃப் வேகமாகச் சுற்றும், நோய் அப்படியே இருந்தாலும் 50 விநாடி என்பது 30 ஆகக் குறையும். வண்டிக்காரருக்கு அது முன்னேற்றமாகத்தான் தெரியும்.

ராத்திரி வண்டியை என்னிடமே விட்டுப் போகச் சொன்னேன். காலை தொந்தரவைக் காலையில்தான் பார்க்க முடியும், சூடான இன்ஜினை வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் பார்த்தாலும் அது சொல்லாது. மறுநாள் காலை ஐந்தரைக்கு வந்து ஹீட்டர் போட்டு சாவியைத் திருப்பினேன், இரண்டு விநாடியில் எடுத்துவிட்டது. அணைத்து, சாயங்காலம் வரை ஆறவிட்டு மறுபடி அடித்தேன், அப்போதும் இரண்டு விநாடிதான். எர்த் வயர்தான் காரணம் என்று நான் நம்பிவிட்டேன். அவரைக் கூப்பிட்டு வண்டியைக் கொடுத்து அனுப்பினேன்.

அது தவறு. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு போன்.

“அண்ணே, அதே கதை. 45 விநாடி எண்ணினேன்.”

என் பட்டறையில் இரண்டு தடவை உடனே எடுத்த வண்டி அவர் வீட்டில் எடுக்கவில்லை. வண்டி அதேதான், பேட்டரியும் டீசலும் மாறவில்லை, ஓட்டுகிற கைகூட பெரிதாக வித்தியாசப்படாது. மாறியது இடம் மட்டும்தான். அப்படியானால் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். நான் வரும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன்.

மார்கழி முடிந்தும் பனி விடவில்லை. அறுத்த வயல், அறுக்காத வயல் எதுவும் தெரியவில்லை, வெள்ளைத் துணி விரித்த மாதிரி இருந்தது. அவர் வீடு ஆற்றங்கரைக்கு உள்ளே, கரையைவிட ஒரு ஆள் உயரம் பள்ளத்தில். கரைமேல் ரோடு, அதிலிருந்து வீட்டுக்கு இறங்க ஒரு சரிவு. வண்டி அந்தச் சரிவில்தான் நின்றது, முகப்பு கரையைப் பார்த்து மேலே, பின்பக்கம் வீட்டைப் பார்த்துக் கீழே.

“எப்பவும் இப்படித்தான் நிறுத்துவீங்களா?”

“மழைக்கு முன்னால வாசல்ல நிறுத்துவேண்ணே. ஐப்பசி மழைல வாசலெல்லாம் சேறு, ஒரு நாள் சக்கரம் மாட்டிக்கிட்டு டிராக்டர் வச்சு இழுத்தோம். அதிலேர்ந்து ரிவர்ஸ்ல வந்து சரிவுலயே விட்டுடுறேன். காலைல நேரா மேல ஏத்திடலாம்.”

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து என்று அவர் முதல் நாளே சொன்னார். ஈரம், குளிர் என்றுதான் அவர் நினைத்தார், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். மழை மாற்றியது வண்டி நிற்கும் கோணத்தை. என் பட்டறை ரோட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறது, உள்ளே வரும் வண்டி மூக்கைக் கீழே வைத்துத்தான் நிற்கும். நம் பக்கம் நிலம் உள்ளங்கை மாதிரி தட்டை, ஆற்றங்கரையையும் பாலத்தையும் விட்டால் மேடு பள்ளமே கிடையாது, அதனால் வண்டி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கேட்கும் வழக்கமே நமக்கு இல்லை. மலைப்பக்கத்து மெக்கானிக்காக இருந்தால் முதல் கேள்வியே அதுவாக இருந்திருக்கும்.

அவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நான் சைலன்சர் பின்னால் போய் உட்கார்ந்தேன். செல்ஃப் திடமாகச் சுற்றியது. 10 விநாடி, நிறுத்தம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி 10 விநாடி. சைலன்சரிலிருந்து ஒன்றும் வரவில்லை. கையை வைத்தால் காற்று அடிக்கிறது, புகை மட்டும் ஒரு இழைகூட இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்கும்போது ஏறும் சூட்டில் டீசல் தானாகப் பற்ற வேண்டும். ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டாலும், கம்ப்ரஷன் இல்லாவிட்டாலும், செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் அந்தச் சூடு வராது. ஆனால் டீசல் உள்ளே பீய்ச்சப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். பற்றாத டீசல் ஆவியாகி வெள்ளைப் புகையாக, கண் எரியும் நாற்றத்தோடு பின்னால் வரும். அதனால் செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, சூடு போதவில்லை. புகையே வராவிட்டால் டீசலே சிலிண்டருக்குப் போகவில்லை. இதைப் பார்க்க கருவி எதுவும் வேண்டாம், பின்னால் நிற்க ஒரு ஆள் போதும். இந்த வண்டிக்குப் பேட்டரி மாற்றியவர்கள், ஹீட்டர் மாற்றியவர்கள், கம்ப்ரஷன் போய்விட்டது என்றவர்கள், ஏன், முதல் நாள் நானும்கூட, யாரும் காலை நேரத்தில் சைலன்சரைப் பார்க்கவில்லை.

பானெட்டைத் திறந்து, டீசல் ஃபில்டர் தலையில் இருக்கும், கையால் டீசல் ஏற்றுகிற கைப்பம்பை அழுத்தினேன். டீசல் நிறைந்திருந்தால் இரண்டு மூன்று அழுத்திலேயே கல் மாதிரி இறுகிவிடும். இது காற்றுப்போன பலூன் போல் உள்ளே போனது. எண்ணிக்கொண்டே அழுத்தினேன். இருபதுக்கு மேல்தான் லேசாகப் பிடிப்பு வந்தது, 32ல் இறுகியது. “இப்ப அடிங்க” என்றேன். இரண்டு விநாடி. எழும்பிவிட்டது.

அவர் அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கா அம்மாம் பணம்?” என்று மகனைக் கேட்டார். நோய் தெரிந்துவிட்டது, இடம் இன்னும் தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன். காபி கொடுத்தார்.

நோய் இதுதான். இந்த வண்டியில் டேங்க் பின்னால் கீழே, பம்ப் முன்னால் மேலே. தனியாக டீசல் ஏற்றும் பம்ப் கிடையாது, ரோட்டரி பம்புக்கு உள்ளேயே, சுற்றும் தகடுகளோடு இருக்கும் வேன் பம்புதான் டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருப்பது கீழே இறங்காது, விரலை எடுத்தால் சர்ரென்று இறங்கிவிடும். டீசல் லைனும் அப்படித்தான். எங்கேயும் காற்று புகாமல் இருக்கும்வரை, வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் டீசல் பம்ப் வரை அப்படியே நிற்கும். ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று இருந்தால் போதும், அதன் வழியாகக் காற்று புகுந்து, லைனில் இருப்பது மெதுவாக டேங்குக்குத் திரும்பிவிடும். மூக்கு மேலே நின்றால் பம்புக்கும் டேங்குக்கும் உயர வித்தியாசம் கூடும், முழுசாக வடியும். மூக்கு கீழே நின்றால் ஃபில்டரும் பம்பும் ஓட்டையைவிடத் தாழ்ந்துவிடும், அவற்றில் இருக்கும் டீசல் போக இடமில்லாமல் அப்படியே இருக்கும். ஓட்டை சின்னது என்பதால் ரயில்வே கேட்டில் அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. ராத்திரி முழுக்க நின்றால் லைன் காலி.

ஓடும்போது ஏன் தெரியவில்லை என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. வேன் பம்ப் இழுக்கும் டீசலில் ஒரு பங்குதான் எரிகிறது, மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. புகுந்த காற்றுக் குமிழும் அதோடு சேர்ந்து போய்விடும். அதனால்தான் ஓட்டத்தில் குறை இல்லை. ஆனாலும் லோடோடு மேம்பாலம் ஏறும்போது எப்போதாவது ஒரு சின்ன வெட்டு இருந்திருக்கும் என்றேன். “ஆமாண்ணே, டீசல் கொஞ்சமா இருக்கும்போது வெட்டும்” என்றார். 500 ரூபாய்க்கு, 1,000 ரூபாய்க்கு என்று போட்டு ஓட்டுகிற வண்டி, டேங்க் பெரும்பாலும் அடிமட்டத்தில்தான் இருக்கும். டேங்கில் டீசல் குறையக் குறைய இழுக்க வேண்டிய உயரமும் கூடும்.

அன்று ராத்திரி அதே சரிவில் வண்டியைத் திருப்பி, மூக்கை வீட்டைப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். காலையில் போன் செய்தார், இரண்டு விநாடி. வண்டியைக் கொண்டு வரச் சொன்னேன்.

காற்று புகக்கூடிய இடங்கள் நிறைய. டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், அதன்மேல் மாட்டும் ரப்பர் ஹோஸ், சேசிஸ் ஓரமாக முன்னால் வரும் இரும்புக் குழாய், முன்பக்க ஹோஸ், ஃபில்டர் தலை, கைப்பம்பின் டயஃப்ரம், லைனை மாட்டும் பேன்ஜோ போல்ட்டின் செப்பு வாஷர், டீசல் பீய்ச்சும் நாசிலுக்கு நாசில் போகும் ரிட்டர்ன் ஹோஸ், பம்பின் ஷாஃப்ட் சீல். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அவர் சொன்ன மாதிரி சும்மா இன்னொரு சாமான் மாற்றுவதுதான். லைனைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பதுதான் முறை.

5 லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் எடுத்து, டேங்கிலிருந்து வரும் லைனை ஃபில்டருக்கு முன்னால் கழற்றிவிட்டு, ஃபில்டரின் உள்வாயிலிருந்து ஒரு புது ஹோஸை கேனுக்குள் இறக்கினேன். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விட்டேன். இந்தச் சோதனையில் நிறையப் பேர் செய்யும் ஒரு பிழை உண்டு, கேனை பானெட்டில் உயரமாகக் கட்டித் தொங்க விடுவார்கள். அப்படிச் செய்தால் டீசல் தன் எடையிலேயே இறங்கி வரும், ஃபில்டரிலோ கைப்பம்பிலோ ஓட்டை இருந்தால்கூட வண்டி எடுத்துவிடும், அவை நல்லது என்று ஏமாந்துபோவோம். நான் கேனை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன், டேங்கைவிடக் கீழே. பம்ப் உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும், நிற்கும்போது வடிய வழி இருக்க வேண்டும். வண்டியை ரிவர்ஸில் உள்ளே விட்டு மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, கைப்பம்ப் அடித்துக் காற்றெடுத்து, ஓட்டிப் பார்த்து, அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் இரண்டு விநாடி. ஃபில்டர், கைப்பம்ப், பம்ப், ரிட்டர்ன் ஹோஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் குற்றமில்லாதவை ஆகிவிட்டன. மிச்சம் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருப்பது மட்டும்.

லைனை மறுபடி மாட்டி, இரும்புக் குழாயின் முன்முனையில் உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஹோஸ் ஒரு முழம் சேர்த்தேன். பின்முனையில், டேங்கிலிருந்து வரும் இடத்தில் இன்னொன்று. இன்ஜினை ஓட்டினேன். முன்னால் இருந்த ஹோஸில் கடுகு கடுகாகக் குமிழ் ஓடியது, ஒன்றன்பின் ஒன்றாக, கோத்துவிட்ட மாதிரி. ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கடுகு மிளகானது, நடுநடுவே அரை இன்ச் நீளத்துக்கு டீசலே இல்லாத வெற்றிடம் வந்து போனது. பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த ஹோஸில் டீசல் அசைகிறதா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் இரும்புக் குழாய், அதில் நாலு கிளிப். முந்தின மூன்று மாதத்தில் இந்த வண்டியில் இத்தனை பேர் கைவைத்தும், அந்தக் குழாயை யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

அடியில் படுத்து ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினேன். முதல் இரண்டும் சுத்தம். மூன்றாவது, பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸ் வளைந்து உயரும் இடத்தில். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே களிமண், வைக்கோல் தூசி எல்லாம் அடைந்து கட்டையாக இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் ஒரு கட்டியாக விழுந்தது, உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன்கீழே குழாயின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து, விரல் வைத்தால் பழுப்பு மாவாகக் கையில் ஒட்டியது. மேலே கருப்பாக ஒரு ஈரம், டேங்க் நிரம்பிய ஒரு நாளில் கசிந்த டீசலாக இருக்க வேண்டும்.

“வேதாரண்யத்துல இது என்ன லோடு அடிச்சிச்சு?” என்றேன்.

“உப்புதாண்ணே. அகஸ்தியம்பள்ளி உப்பளத்துலேர்ந்து.”

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூட்டையிலிருந்து சொட்டும் உப்புநீர் பலகை இடுக்கு வழியாக சேசிஸ்மேல் விழும். மற்ற இடத்தில் மழை கழுவிவிடும், கிளிப்புக்கு அடியில் மட்டும் மண் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வருடக்கணக்காகத் தின்னும். உப்பு லோடு அடித்த வண்டி வாங்குகிறவர்கள் பாடியைத் தட்டிப் பார்க்கிறார்கள், சேசிஸைப் பார்க்கிறார்கள். பிரேக் குழாயையும் டீசல் குழாயையும் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இந்த வண்டியிலும் பிரேக் குழாய் அதே கிளிப்பில்தான் போகிறது. அதையும் உடனே பார்த்தேன், மேலாகத் துரு பிடித்திருந்தது. மாற்றாமல் வண்டியை வெளியே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் கிளம்பாத வண்டி வேலையைத்தான் கெடுக்கும். நிற்காத வண்டி அப்படியில்லை.

சந்தேகம் தீர, குழாயைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் லேசாகக் காற்று கொடுத்து சோப்பு நுரை தடவினேன். துருவுக்கு நடுவில் ஒரே ஒரு இடத்தில் நுரை குமிழ் விட்டது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தடவினால்தான் தட்டுப்பட்டது. இவ்வளவு நாளும் டீசல் வெளியே சொட்டாததற்கும் காரணம் இதுதான். டேங்க் நிரம்பாதவரை, உறிஞ்சும் லைனில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே வராது. கீழே ஈரமில்லை, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த இடத்தை மட்டும் வெட்டி ரப்பர் ஹோஸ் போட்டு இரண்டு கிளாம்ப் இறுக்கினால் அரை மணி நேர வேலை. நான் செய்யவில்லை. ஒரு கிளிப்பில் இப்படி என்றால் நாலாவது கிளிப்பில் அடுத்த வருடம். முழுக் குழாயும் புதுசாக வளைத்து, ஹோஸ் வழுக்காமல் பிடிக்க முனையில் வரம்பு எடுத்து, இரண்டு பக்கமும் புது ஹோஸ், ரப்பர் வைத்த கிளிப், கழற்றிய இடத்தில் புது செப்பு வாஷர், கூடவே பிரேக் குழாய். சாமானும் கூலியும் சேர்த்து 3,800 ரூபாய் ஆனது. குழாய் போட்டபின் கண்ணாடி ஹோஸில் பார்த்தேன், ஒரு குமிழ் இல்லை. அதன் பிறகுதான் அதைக் கழற்றினேன்.

அந்த வாரங்களில் அவர் செய்துவந்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். அவசரத்துக்கு ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணி வைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார். நம் பக்கம் இது சர்வ சாதாரணம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் தயவுசெய்து செய்யாதீர்கள். பிளக் செக்கச் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும்போது பெட்ரோல் ஆவி உள்ளே போனால், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்பே பற்றி அதைத் திருப்பி அடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் விரிசல் விடும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலையும் பெட்ரோல் கழுவிவிடும். இல்லாத கம்ப்ரஷன் கோளாறு அப்போது நிஜமாகவே வந்துவிடும். இவர் இன்ஜின் தப்பித்தது பெரிய விஷயம். அதேபோல் செல்ஃபை 10 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். டீசல் வராத பம்பை வெறுமனே சுற்றுவது பம்புக்கும் கெடுதல், அதன் உள்பாகங்களுக்கு டீசல்தான் ஆயில்.

“புது பேட்டரி, ஹீட்டரு, செல்ஃபு... எல்லாம் தண்டமாண்ணே?” என்று கேட்டார். பேட்டரி மூன்று நாலு வருடம் உழைக்கும், ஹீட்டர் பிளக் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், செல்ஃப் புஷ்ஷும் தேய்ந்துதான் இருந்திருக்கும் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அந்தப் பணம் அவருக்கு அந்த மாதத்தில் தேவையாக இருந்தது என்பதும் உண்மைதான்.

அன்று ராத்திரியும் அடுத்த இரண்டு ராத்திரியும் பழையபடி சரிவில், மூக்கைக் கரையைப் பார்த்து நிறுத்தி, டேங்கில் டீசலையும் குறைவாகவே வைத்து, காலையில் கைப்பம்பை முதலில் அழுத்திப் பார்த்துவிட்டு அடிக்கச் சொன்னேன். மூன்று நாளும் கைப்பம்ப் கல் மாதிரி இருந்தது, மூன்று நாளும் இரண்டு விநாடிதான். மூன்றாம் நாள் போனில் வேறு எதுவும் பேசவில்லை, 40 கிலோ மூட்டை 45 ஏற்றியிருக்கிறேன், மேகமாக இருக்கிறது, நனைவதற்குள் நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.